மூக்கா ஹெட் வெளிச்சமும் நாகப்பட்டினத்துக் கப்பலும்

பினாங்கில் கலங்கரை விளக்கம் என்றாலே எல்லாருக்கும் நினைவுக்கு வருவது கார்ன்வாலிஸ் கோட்டையின் மூலையில் நிற்கும் வெள்ளை இரும்புக் கோபுரம்தான். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பீரங்கியோடு ஒரு படம், அந்தக் கோபுரத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, பாடாங் கோத்தாவில் பசெம்போர் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். கோபுரத்தின்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அழகானதுதான். ஆனால் கப்பலேறி இங்கே வந்த நம் ஆட்களின் கண்ணில் முதலில் பட்ட பினாங்கு விளக்கு அது இல்லை. அந்த விளக்கு தீவின் வடமேற்கு மூலையில், காட்டுக்குள், ஒரு குன்றின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. மூக்கா ஹெட் என்று பெயர். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பாதிப்பேர் அதைப் பார்த்ததில்லை என்று பந்தயம் கட்டுவேன்.

வரைபடத்தை வைத்துப் பார்த்தால் விஷயம் எளிது. சென்னையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ புறப்படும் கப்பல் வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்து, நிக்கோபாருக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் நடுவில் நுழைந்து, மலாக்கா நீரிணையின் வாய்க்கு வரும். அங்கிருந்து பினாங்கை நெருங்கும்போது முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது தீவின் வடமேற்கு முனை. அதைச் சுற்றிக்கொண்டு, பத்து ஃபெரிங்கி கரையை வலப்பக்கம் விட்டு, வடக்குக் கால்வாய் வழியாக உள்ளே வந்தால்தான் ஜார்ஜ் டவுன். கோட்டை விளக்கு கண்ணில் படும்போது பயணம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

என் தாத்தா ரஜூலாவில் வந்தவர். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலைப் பற்றி மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் ஆளுக்கொரு கதை இருக்கும். 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற கப்பல் அது. 1973 வரை இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடியது. டெக் பயணி என்றால் கட்டில் கிடையாது, அறை கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. தாத்தாவின் கதை வாந்தியில் தொடங்கி, கப்பல் சாம்பாரைத் திட்டுவதில் நடந்து, எப்போதும் கடைசி இரவில் வந்து நிற்கும். "மொதல்ல வெளக்கு, அப்புறம் மலை, அப்புறந்தான் ஊரு" என்பார். அதோடு விட்டாரா? அந்த விளக்கு எழுந்து நின்றால் தெரிந்ததாம், உட்கார்ந்தால் அணைந்துவிட்டதாம். திரும்ப எழுந்தால் திரும்ப எரிந்ததாம். பேரப்பிள்ளைகள் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். பாட்டிகூட நம்பியதில்லை.

பல வருடம் கழித்து, கடலோடிகளின் கைநூல் ஒன்றைப் புரட்டியபோதுதான் அது கலப்படமில்லாத உண்மை என்று தெரிந்தது. பூமி உருண்டை. தூரத்து விளக்கு அடிவானத்துக்குக் கீழே இருக்கும்வரை கப்பலில் இருப்பவருக்குத் தெரியாது. முதலில் வானத்தில் ஒரு மங்கலான வெளுப்பு மட்டும் தெரியும். கப்பல் நெருங்க நெருங்க விளக்கு அடிவானக் கோட்டில் சரியாக வந்து உட்காரும். அந்தச் சில நிமிடங்களுக்குக் கண்ணை ஓர் அடி, இரண்டு அடி உயர்த்தினால் விளக்கு தெரியும், தாழ்த்தினால் மறையும். மாலுமிகள் இதை வேண்டுமென்றே செய்வார்கள். விளக்கின் உயரம் தெரியும், தம் கண்ணின் உயரமும் தெரியும் என்பதால், அது சரியாகக் கோட்டில் நிற்கிற கணத்தில் கரை எவ்வளவு தூரம் என்று அட்டவணையைப் பார்த்தே சொல்லிவிடலாம். டெக்கில் பாயோடு கிடந்த தாத்தா, கப்பல் தலைவர் மேல்தளத்தில் செய்கிற காரியத்தைத் தன்னை அறியாமல் செய்திருக்கிறார். "கப்பல் கைப்பிடிச் சுவர் மறைச்சிருக்கும், அதுக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று என் தம்பி இன்னமும் வாதாடுகிறான். அவனை விடுங்கள்.

மூன்று விளக்குகள், மூன்று வருடங்கள்

பினாங்கின் பழைய கலங்கரை விளக்கங்கள் மூன்று. வடகிழக்கில் கோட்டை விளக்கு 1882. வடமேற்கில் மூக்கா ஹெட் 1883. தென்கிழக்கு ஓரத்தில், ரிமாவ் தீவில் 1885. தீவின் மூன்று மூலைகளில் மூன்று வெளிச்சங்கள். வடக்கு வழியாக வரும் கப்பலுக்கு முதல் இரண்டும், தெற்குக் கால்வாய் வழியாக வருவதற்கு மூன்றாவதும். ஆகவே இவற்றைத் தனித்தனிச் சின்னங்களாகப் பார்ப்பதைவிட ஒரே ஏற்பாடாகப் பார்ப்பதுதான் சரி.

ஏன் அந்தக் காலத்தில்? பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பினாங்கை பிரான்சிஸ் லைட் 1786-இல் கைப்பற்றியதிலிருந்து கிட்டத்தட்ட நூறு வருடம் இந்த மூன்றும் இல்லாமலே கப்பல்கள் வந்து போயின. மலையுச்சியில் கொடிக்கம்பம் நட்டு, கடலில் பாய்மரம் தெரிந்தால் கொடியேற்றிக் கீழே துறைமுகத்துக்குச் செய்தி சொன்னார்கள். பினாங்கு மலைக்கு மலாயில் புக்கிட் பெண்டேரா, அதாவது கொடிமலை, என்று பெயர் வந்தது அப்படித்தான். பகலில் வரும் பாய்மரக் கப்பலுக்கு அது போதும். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நிலைமை மாறியது. நீராவிக் கப்பல்கள் கால அட்டவணைப்படி ஓட ஆரம்பித்தன. இரவாகிவிட்டது என்று நங்கூரம் போட்டு விடியும்வரை காத்திருந்தால் காசு நஷ்டம். இந்தப் பக்கம் பேராக்கின் லாருட்டில் வெள்ளீயம் வெட்டிக் குவிக்கிறார்கள். மேற்கிலிருந்து வரும் கப்பலுக்கு நீரிணையின் முதல் பெரிய துறைமுகம் பினாங்கு. விளக்கு இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது.

அதே சமயத்தில் நீரிணைக் குடியேற்றங்களின், அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் காலனியின், ஆளுநராக இருந்தவர் பிரெடெரிக் வெல்ட். 1880 முதல் 1887 வரை. பெர்ரி இறங்கியதும் கால் வைக்கிறோமே, பெங்காலான் வெல்ட், அது இவர் பெயரில்தான். மூன்று விளக்குகளும் இவர் காலத்தில் எரியத் தொடங்கியவை. இந்தியத் தொழிலாளர்கள் இங்கே நிறைய வரவேண்டும் என்று ஊக்குவித்த ஆளுநரும் இவர்தான். நம்மீது பாசம் பொங்கி அல்ல. சீனர்களின் எண்ணிக்கைக்கு ஓர் எதிர்த்தட்டு வேண்டும் என்கிற அரசியல் கணக்கும், தோட்டங்களுக்கும் சாலைகளுக்கும் மலிவான ஆள் வேண்டும் என்கிற பணக்கணக்கும். ஆகவே மூக்கா ஹெட் விளக்கை யாருக்காக ஏற்றினார்கள் என்று கேட்டால், சரக்குக்காக என்பதுதான் நேர்மையான பதில். அந்தச் சரக்குப் பட்டியலில் நாமும் இருந்தோம். "நம் முன்னோர்க்கு வழிகாட்டிய தீபம்" என்று கூட்டங்களில் யாராவது உருகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கோட்டையில் நிற்கும் பாய்மரம்

கோட்டை விளக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். ரொம்பத் தள்ளிவைத்துவிட்டேன்.

கோட்டையே முதலில் நிபோங் பனைமரங்களை நட்டுக் கட்டிய ஒரு வேலிதான். இப்போது நாம் பார்க்கும் செங்கல் சுவர்கள் 1810-இல் முடிந்தவை. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டுக் கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு அதில் இருக்கிறது. இவ்வளவு செலவு செய்து கட்டிய கோட்டையில் ஒரு போர்கூட நடக்கவில்லை. சுற்றியிருந்த அகழியை 1920-களில் மலேரியாவுக்குப் பயந்து மூடினார்கள். அண்மையில் அதன் ஒரு பகுதியைத் தோண்டி மீட்டிருக்கிறார்கள். இப்போது போய்ப் பார்த்தால் முன்பைவிடக் கோட்டை கோட்டை மாதிரி இருக்கிறது.

சண்டைக்கு உதவாத அந்தக் கோட்டையின் கடலோர மூலையில்தான் 1882-இல் 21 மீட்டர் உயரத்தில் கோபுரத்தை எழுப்பினார்கள். முதலில் ஃபோர்ட் பாயிண்ட் விளக்கு என்று பெயர். 1914-லும் 1925-லும் செப்பனிட்ட பிறகு பினாங்குத் துறைமுக விளக்கு என்றானது. தீபகற்ப மலேசியாவில் 1863-ஆம் ஆண்டின் தஞ்சோங் துவான் விளக்குக்கு அடுத்த வயதானது என்று சொல்வார்கள். தனித்து நிற்பது அதன் உருவம்தான். கல் இல்லை, சுவர் இல்லை. வெறும் எஃகுச் சட்டம். கப்பலின் பாய்மரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து தரையில் நட்டாற்போல இருக்கிறது.

கிட்டே போய் நின்று பாருங்கள். தூரத்தில் மெல்லியதாகத் தெரிவது, பக்கத்தில் பட்டையும் குறுக்குச் சட்டமும் ஆணியுமாக விரிகிறது. வெள்ளைப் பெயிண்ட் அடுக்கடுக்காகப் படிந்து ஆணித் தலைகளின் விளிம்பு மழுங்கிப்போயிருக்கிறது. கடல்காற்று இரும்பைச் சும்மா விடாது. பெயிண்ட் எங்கே உப்பிக்கொண்டு வருகிறதோ, அதற்குக் கீழே துரு வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்தச் சட்டக் கோபுரத்தில் ஒரு வசதி உண்டு. காற்று அதன்மேல் மோதாமல் ஊடே போய்விடும். கல் கோபுரத்தின் எடையைத் தாங்க ஆழமாக அஸ்திவாரம் போடவேண்டிய அவசியமும் இல்லை.

பக்கத்து மணிக்கூண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. விக்டோரியா மகாராணியின் 60 வருட ஆட்சிக்காக 60 அடியில் கட்டியது அது. கோட்டை விளக்கு அதைவிட ஏறக்குறைய ஒன்பது அடிதான் கூடுதல். ஸ்வெட்டன்ஹாம் துறையில் சொகுசுக் கப்பல் ஒன்று வந்து கட்டும்போது இரண்டுமே பொம்மைகள்போல ஆகிவிடும். கப்பலின் நீச்சல்குளத்துப் பக்கம் நிற்பவர்கள் கலங்கரை விளக்கத்தைக் குனிந்துதான் பார்க்கவேண்டும்.

இந்த விளக்கு பார்த்த பெரிய சம்பவம் என்றால் 1914 அக்டோபர் 28 அதிகாலைதான். எம்டனைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தவேண்டியதில்லை. செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் கப்பல், ஒரு மாதம் கழித்து இங்கே வந்தது. மூன்று புகைபோக்கி உள்ள கப்பல். போலியாக நான்காவது ஒன்றை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல்போல உள்ளே நுழைந்தது. நங்கூரம் போட்டு நின்ற ரஷ்யக் கப்பல் ஜெம்சூகைக் கோட்டைக்கு எதிர்த்த நீரில் வைத்தே மூழ்கடித்தது. 80-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். அந்தக் கப்பலின் தலைவர் அன்றிரவு கரையில் இருந்தார். வெளியே போகிற வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் எம்டன் முடித்துவிட்டுப் போனது. சென்னையில் அடிபட்டுக் கதை கேட்டவனுக்கும் பினாங்கில் கதை கேட்டவனுக்கும் பொதுவாக ஒரு வில்லன் கிடைத்தான்.

14 மீட்டர் கோபுரம், 242 மீட்டர் குன்று

சரி, மூக்கா ஹெட்டுக்கு வருவோம். நேரில் போய்ப் பார்ப்பவர்கள் பலர் ஏமாந்துபோவார்கள். மூச்சு வாங்க ஏறி வந்தால், நிற்பது 14 மீட்டர் உயரக் குட்டைக் கோபுரம். கோட்டையில் இருப்பதைவிடச் சிறிது. ஆனால் அது கடல் மட்டத்திலிருந்து 242 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தை மலையே கொடுத்துவிட்ட பிறகு கோபுரத்துக்கு எதற்குச் செலவு செய்யவேண்டும்?

கணக்கு எளிதுதான். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.08-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கடல் மைல் தூரத்தில் இருக்கிறது என்று வரும். 21 மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்பதரை. 242 மீட்டருக்கு 32-க்கும் மேலே. பார்ப்பவர் 10 மீட்டர் உயரத் தளத்தில் நின்றால் இரண்டோடும் ஆறரையைக் கூட்டிக்கொள்ளலாம். அதாவது கோட்டை விளக்கு சுமார் 16 கடல் மைலில் தலைகாட்டும். மூக்கா ஹெட்டோ 39 கடல் மைலில், கிட்டத்தட்ட 72 கிலோமீட்டரில்! பூமியின் வளைவு அனுமதிக்கிற எல்லை இது. விளக்கின் பலமும் அன்றைய வானமும் ஒத்துழைத்தால்தான் அவ்வளவு தூரம் வரும்.

பலத்துக்கு அந்தக் கால விளக்குகள் நம்பியிருந்தது கண்ணாடியை. 1820-களில் பிரெஞ்சுக்காரர் ஃபிரெனெல் கண்டுபிடித்த வழி அது. ஒரே பெரிய பூதக்கண்ணாடியை வார்த்தால் கனமும் தாங்காது, ஒளியும் கண்ணாடிக்குள்ளேயே மங்கும். அதனால் தேவையில்லாத தடிமனையெல்லாம் நீக்கிவிட்டு, வளைந்த ஓரங்களை மட்டும் வளையம் வளையமாகப் பட்டகங்களாக அடுக்கினார். குறுக்கே வெட்டிய வெங்காயம் மாதிரி இருக்கும். நாலா பக்கமும் சிதறவேண்டிய எண்ணெய் விளக்கின் வெளிச்சம் அதற்குள் புகுந்து வெளியே வரும்போது ஒரே கற்றையாகக் கடலை நோக்கிப் போகும். அந்தக் கண்ணாடியை ஒவ்வொரு நாளும் துடைக்கவேண்டும், திரியைக் கத்தரிக்கவேண்டும், எண்ணெய் சுமக்கவேண்டும். குன்றின் மேலே சாலை கிடையாது. எண்ணெய் யார் தலையில் ஏறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உயரம் எப்போதும் நல்லதும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் பாயிண்டில் ஏறக்குறைய இதே உயரத்தில், 238 மீட்டரில், ஒரு விளக்கு வைத்தார்கள். மேகமும் பனிமூட்டமும் அடிக்கடி அதை விழுங்கிவிட்டன. 1911-இல் லூசித்தானியா என்ற போர்த்துகீசியக் கப்பல் அங்கே பாறையில் மோதியது. அதற்கப்புறம் 87 மீட்டர் உயரத்தில், கீழே, புது விளக்கு கட்டினார்கள். மூக்கா ஹெட்டுக்கு அந்தக் கதி வரவில்லை. நம் கடலில் அவ்வளவு பனிமூட்டம் இல்லை. பெருமழை வரும், வந்த வேகத்தில் போயும்விடும். சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் கிளம்பி வருகிற வருடங்களில் மட்டும் பினாங்கு மலையே தெரியாமல் போகிறது, விளக்கு எங்கே தெரியப்போகிறது.

ரிமாவ் தீவு விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. வார்ப்பிரும்புக் கோபுரம். கம்போங் கரைகளிலிருந்து பார்த்தால் தீவின் பச்சைக்கு நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. மீன்பிடிக்கப் போகிறவர்கள்தான் அதை நன்றாக அறிந்தவர்கள்.

தாத்தா கதையில் விளக்குக்கும் மலைக்கும் அப்புறம் ஊர் வந்தாலும், பலருக்கு ஊர் உடனே கிடைக்கவில்லை. தோட்டத்துக்கு ஆள்கட்டி வந்த டெக் பயணிகளைக் கோட்டை விளக்கைத் தாண்டி, நகரத்தையும் தாண்டி, ஜெரெஜாக் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையோ காலராவோ ஊருக்குள் வந்துவிடக்கூடாது என்று அங்கே தனிமைப்படுத்தி வைத்தார்கள். துணியை அவித்து, உடம்பில் மருந்துத் தண்ணீர் ஊற்றி, நாள் எண்ணிக் காத்திருக்கவேண்டும். எதிர்க்கரையில் ஊர் விளக்குகள் எரியும், போக முடியாது. கடற்பயணத்தை வாய் ஓயாமல் பேசும் தாத்தா, ஜெரெஜாக்கைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார். தப்பித்துக் கரைசேர்ந்தவர்கள் நேர்த்திக்கடன் செலுத்த இடமில்லாமல் இல்லை. கடலோடிகளைக் காப்பாற்றுகிறவர் என்று நாகூர் ஆண்டவரை நம்பி வந்தவர்களுக்குச் சூலியா தெருவில் அவர் பெயரிலேயே ஒரு தர்கா உண்டு. குயின் தெருவில் 1833 முதல் மாரியம்மன் இருக்கிறாள். சரக்காகப் பட்டியல் போட்டவர்கள் போட்டுக்கொள்ளட்டும், வந்தவர்கள் தங்கள் பட்டியலைத் தாங்களே வைத்திருந்தார்கள்.

ஜிபிஎஸ் வந்த பிறகு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்கள் உண்டு. கப்பல்காரர்கள் அப்படிக் கேட்பதில்லை. திரையில் தெரிகிற இடமும் கண்ணால் பார்க்கிற விளக்கும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பது இன்றும் அவர்கள் பாடம். விளக்குகளைப் பராமரிக்கும் செலவுக்காகத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிடம் விளக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். அதற்கென்றே 1953-இல் சட்டம் போட்டு ஒரு வாரியமும் இருக்கிறது. ஓட்டுநருக்குச் சாலை வரி மாதிரி, கேப்டனுக்கு விளக்கு வரி.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: ஜெட்டியிலிருந்து 101 பேருந்து தெலுக் பாஹாங் வரை போகும். கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே தேசியப் பூங்கா வாசல். 2003-இல் அறிவித்த பூங்கா, நாட்டிலேயே சிறியது. அங்கிருந்து கடலோரமாகக் குரங்குக் கடற்கரைக்குச் சுமார் மூன்றரை கிலோமீட்டர் நடை. வேர்களும் பாறையுமாக இருக்கும், செருப்புப் போட்டுக்கொண்டு வந்து அவதிப்படாதீர்கள். கடற்கரைக்கு அப்புறம் குன்றேற்றம். தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. மழை பெய்த மறுநாள் வேண்டாம். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் வாசலுக்கு அருகிலேயே படகு பேசிக்கொண்டு கடற்கரை வரை போகலாம், மேலே ஏறாவிட்டாலும் கடலிலிருந்து முனையைப் பார்த்துவிடலாம். உண்மையில் அந்த விளக்கைப் பார்க்கவேண்டிய பக்கமும் அதுதான். விளக்ககத்துக்குள் அனுமதி உண்டா என்பதைப் பூங்கா அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் தாராளமாக எடுத்துப் போங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு மட்டும் போகாதீர்கள். குரங்குகளுக்குப் பையின் சத்தமே போதும்.